அடைக்கப்பட்ட புகைவழி





பிழைப்பைத் தேடிப் பெருநகரங்களுக்கு வந்து, வாடகை அறைகளில் குடியிருக்கும் நமக்கு வீட்டைக் குறித்து ஆயிரம் கவலைகள் உண்டு. வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மின்கட்டணம் யார் பொறுப்பு என்று எல்லாவற்றையும் விசாரித்த பின்னரே குடிபோகின்றோம். ஆனால், "இந்த அறையில் அடுப்பு மூட்டினால் அதன் புகை எந்த வழியாக வெளியேறும்?" என்று நம்மில் எத்தனைபேர் கேட்டிருக்கின்றோம்? நானும் கேட்டதில்லை. கேட்காமற்போனதினால் எங்கள் சபையில் ஒரு வாலிபனை ஏறக்குறைய இழக்க இருந்தோம். அந்தக் காரியத்தை இம்மாதம் உங்களுக்கு மறைக்காமல் எழுதுகின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராத தலைவலி

கொல்கத்தாவின் காளிகாட் பகுதியை அறிந்தவர்களுக்கு அதன் சந்துகளும் தெரிந்திருக்கும். ஒருபுறம் ஆதிகங்கை என்னும் பழைய கால்வாய். மறுபுறம் ராஷ்பிஹாரி சந்திப்பு. அதைத் தாண்டிச் சற்றே நடந்தால் லேக் மார்க்கெட். வாழையிலையும், மல்லிகைப் பூவும், காபித்தூளும் கிடைக்கும் அந்தச் சந்தையைச் சுற்றித் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. அவர்களுக்கும், அலுவலகம் செல்லும் வங்காளிகளுக்கும் இட்லியும் இடியாப்பமும் செய்து கொடுத்துப் பிழைக்கும் ஒரு குடும்பம் எங்கள் சபையில் உண்டு. கணவனும் மனைவியும் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர்கள். ஊரிலிருந்து அழைத்து வந்த பத்தொன்பது வயது வாலிபன் ஒருவன் அவர்களுக்கு உதவியாக இருந்தான்.

அவர்களுடைய சமையற்கூடம் ஒரு மூன்றுமாடி வீட்டின் நிலவறையில் இருந்தது. பேஸ்மென்ட் என்று நாம் சொல்லுகின்ற அந்த அறை பாதி பூமிக்குள்ளும் பாதி வெளியேயும் அமைந்தது. ஆறு படிகள் இறங்கிச் செல்லவேண்டும். எரிவாயுவின் விலை கட்டுப்படியாகாததால், வங்காளத்தில் 'உனுன்' என்று அழைக்கப்படும் கரியடுப்பின்மேல் பெரிய இட்லிக் கொப்பரையை ஏற்றியிருந்தார்கள். விடியற்காலம் மூன்று மணிக்கு அடுப்பு மூட்டப்படும்.

ஒரு நவம்பர் மாதத்தில் அந்தச் சகோதரி தமது ஜெபக் குறிப்பைக் கொண்டுவந்தார். தினமும் காலையில் தலை பிளந்துவிடுவதுபோல் வலிக்கின்றது, குமட்டுகின்றது, கால்கள் துவண்டு போகின்றன. "ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வந்தால் மட்டும் விட்டுப்போகிறது, பாஸ்டர் ஐயா" என்றார். அதைக் கேட்ட விசுவாசிகள் சிலர், "ஆராதனையில் விலகி, வீட்டில் வந்து பிடிக்கிறதென்றால் அது பிசாசின் கிரியைதான்" என்றார்கள். இன்னும் சிலர் யாரோ செய்வினை வைத்துவிட்டதாகவும், குடியிருக்கும் இடமே சரியில்லை என்றும் பேசினார்கள்.

நானும் அதை மறுத்துப் பேசவில்லை. மூன்று வாரம் உபவாசித்து ஜெபித்தோம். அந்த மூன்று வாரத்தில் ஒருநாளாவது நான் அந்த ஆறு படிகளை இறங்கிப் பார்க்கவில்லை. வெட்கத்தோடே இதை எழுதுகின்றேன்.

டிசம்பர் மாதக் குளிரில் ஒரு விடியற்காலம் அந்த வாலிபன் படிக்கட்டிலேயே மயங்கி விழுந்தான். அரிசி மூட்டை இறக்க வந்தவர்கள் அவனை மேலே தூக்கி வந்து காற்றோட்டமாகக் கிடத்தினார்கள். எனக்குச் செய்தி வந்தது. எங்கள் சபையில் செவிலியராகப் பணிசெய்யும் சகோதரி ஒருவரும் என்னுடன் வந்தார். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டரில் 98 என்று காட்டுகிறது, ஆகையால் பயமில்லை என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அந்தச் சகோதரியோ அதைப் பார்க்கவேயில்லை. "ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரியாது. அன்றுதான் தலைவலியும் வராது.

கண்ணுக்குத் தெரியாத நச்சு

பிரியமானவர்களே, கரி, விறகு, டீசல், எரிவாயு ஆகிய எதுவும் போதிய காற்று இல்லாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு அதிகமாக உண்டாகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணைக் கரிக்காது, இருமலைக் கொண்டுவராது. கரி நன்றாகக் கனன்று, புகையே தெரியாமல் தணலாக இருக்கும் வேளையில்தான் அது மிகுதியாக வெளிப்படும். "புகை இல்லையே" என்று நாம் கதவை மூடிக்கொள்ளுகின்ற நேரம் அதுவே.

நாம் சுவாசிக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கும் அதிகமான பலத்தோடே இந்த நச்சுவாயு அதனைப் பற்றிக்கொள்ளுகின்றது. ஆகவே மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் மூச்சுத் திணறுகின்றது. முதலில் தலைவலி, பின்பு குமட்டல், தலைச்சுற்றல், குழப்பம், மயக்கம். அதற்குப் பின் மரணம். உறங்குகிறவர் இந்த அறிகுறிகளை உணராமலே மரித்துப்போகக்கூடும். கர்ப்பிணிகளுக்கும், வயிற்றிலுள்ள சிசுவுக்கும், குழந்தைகளுக்கும், முதியோருக்கும், இருதய நோயாளிகளுக்கும் ஆபத்து அதிகம்.

கொரோனா காலத்துக்குப் பின் நம் வீடுகள் பலவற்றில் இருக்கின்ற ஆக்சிமீட்டரோ இதில் நம்மை ஏமாற்றிவிடும். பிராணவாயு ஏறிய இரத்தத்தையும், நச்சுவாயு ஏறிய இரத்தத்தையும் பிரித்தறிய அந்தச் சாதாரணக் கருவிக்கு இயலாது. ஆபத்தான நிலையில் இருப்பவருக்கும் அது நல்ல எண்ணையே காட்டக்கூடும். மருத்துவமனையில் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையே உண்மையைச் சொல்லும். அந்த வாலிபனை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பிராணவாயு கொடுத்தார்கள். கர்த்தருடைய கிருபையால் பிழைத்துக்கொண்டான்.

கொல்கத்தா கண்ட இரண்டு துயரங்கள்

புகைக்கு வழியில்லாமற்போனால் என்ன நேரிடும் என்பதை இந்த நகரம் ஏற்கெனவே கண்டிருக்கின்றது. காளிகாட்டிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தூரத்திலுள்ள டாக்குரியாவில், அந்நாளில் ஆம்ரி என்ற பெயரில் இயங்கிய மருத்துவமனையில், 2011ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி அதிகாலையில் நிலவறையில் தீப்பற்றியது. வாகனம் நிறுத்துவதற்கான அந்தத் தளத்தில் எரியக்கூடிய பொருட்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. வெளியே செல்ல வழியில்லாத புகை, மேல்மாடிகளுக்கு ஏறியது. குளிர்சாதன வசதிக்காகக் கட்டடம் கண்ணாடியால் மூடப்பட்டிருந்தபடியால், மீட்க வந்தவர்கள் கண்ணாடிகளை உடைக்கவேண்டியதாயிற்று. ஏறக்குறைய 90 பேர் மரித்தார்கள். அவர்களில் மிகுதியானோரை நெருப்பு தொடவேயில்லை, புகையே கொன்றது. கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காக வந்திருந்த இளம் செவிலியர் இருவர், தங்கள் வார்டிலிருந்த எட்டு நோயாளிகளைக் காப்பாற்றிவிட்டு, மீண்டும் உள்ளே சென்று உயிர் துறந்தார்கள். நம்மைப்போலவே ஊரை விட்டு வந்த பிள்ளைகள் அல்லவா அவர்கள்?

இரண்டாவது, 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதி மெச்சுவா பகுதியிலுள்ள ஒரு தங்கும் விடுதியில் நிகழ்ந்த தீவிபத்து. 14 பேர் மரித்தார்கள்; அவர்களிலும் பெரும்பாலோர் மூச்சுத் திணறியே இறந்தார்கள். நம் கரூர் மாவட்டத்திலிருந்து சென்றிருந்த ஒரு குடும்பத்தின் இரண்டு சிறு பிள்ளைகளும் அவர்களுடைய பாட்டனாரும் அந்தப் பதினான்கு பேரில் அடங்குவர். காற்று வருவதற்கான சன்னல்கள் அடைக்கப்பட்டிருந்தன என்று அப்போது செய்திகள் வெளியாயின.

இவ்விரண்டு இடங்களிலும் ஒரு காரியத்தைக் கவனியுங்கள். காற்றுக்கான வழியை அடைத்தவர்கள் யாரையும் கொல்லும் நோக்கத்தோடே அடைக்கவில்லை. குளிர்ச்சிக்காகவோ வசதிக்காகவோ அடைத்தார்கள். அந்த வழி முதலில் எதற்காக இருந்தது என்பதை மறந்துபோனார்கள்.

வரைபடம் காட்டிய உண்மை

காளிகாட் வீட்டிலும் அப்படியே நடந்திருந்தது. வீட்டுக்காரர் முதல் மாடியில் தம் வயதான தாயாருடன் குடியிருக்கும் வங்காளப் பெரியவர். அந்த வாலிபன் விழுந்ததைக் கேட்டு அவரும் கலங்கிப்போனார். தம் தகப்பனார் காலத்து வீட்டு வரைபடத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து விரித்தார். அதில் அந்த நிலவறை சமையலறை என்றே குறிக்கப்பட்டிருந்தது. பின்சுவரில் புகைபோக்கியும் வரையப்பட்டிருந்தது. பிற்காலத்தில் மழை வெள்ளம் உள்ளே புகுந்தபடியால், உட்புறமாகக் கம்பி கட்டிக் கான்கிரீட் சுவர் எழுப்பியிருக்கின்றார்கள். தண்ணீர் நின்றது, அதனோடு புகைவழியும் மூடுண்டது. அப்போது அங்கே யாரும் சமைக்கவில்லை. ஆகையால் ஒருவரும் கவலைப்படவில்லை. ஆண்டுகள் கழிந்து அந்த அறை வாடகைக்கு வந்தபோது, அடுப்பு திரும்ப வந்தது. புகைவழியோ திரும்ப வரவில்லை.

ஆபிரகாம் வெட்டிய துரவுகளைப் பெலிஸ்தர் மண்ணால் தூர்த்துப்போட, ஈசாக்கு அவைகளை மறுபடியும் தோண்டினான் என்று ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம் அல்லவா? அடைபட்டதைத் திறப்பதும் ஒரு வேலைதான். ஆனால் அதை அறிவோடே செய்யவேண்டும்.

அன்று மாலையே ஒருவர் வந்தார். "உளியும் சுத்தியலும் போதும், அரைநாளில் ஓட்டை போட்டு, ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சொருகிச் சந்துப்பக்கம் விட்டுவிடலாம்" என்று மிகக் குறைந்த கூலி சொன்னார். எங்கள் சகோதரருக்கு மனம் அதிலேயே சாய்ந்தது. கடை மூடிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம்தானே! வீட்டுக்காரரோ மாநகராட்சியின் உரிமம் பெற்ற கட்டடப் பொறியாளரை அழைத்து வந்தார். அவர் சொல்லிக் கொடுத்தவைகளை நான் குறித்து வைத்தேன். உங்களுக்கும் பயன்படும்.

சுவரை வெட்டிய விதம்

நிலவறைச் சுவர் சாதாரணத் தடுப்புச்சுவர் அல்ல. வெளியிலிருந்து மண்ணும் தண்ணீரும் அதைத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. மேலிருந்து வீட்டின் பாரம் அழுத்துகின்றது. ஆகவே தூணையும் உத்தரத்தையும் தொடவேகூடாது. சுவரிலும் பொறியாளர் குறித்துக் கொடுத்த இடத்தில் மட்டுமே வெட்டவேண்டும். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரின் எழுத்துமூலமான சம்மதமின்றி ஓர் ஆணிகூட அடிக்கலாகாது. வரைபடத்தில் சமையலறை என்று இல்லாத நிலவறையில், எத்தனை துவாரம் போட்டாலும் அடுப்பு மூட்டக்கூடாது என்பதையும் அவர் அழுத்தமாகச் சொன்னார்.

துவாரம் எங்கே அமையவேண்டும்? வெளியே தரைமட்டத்துக்கு மேலே, மழைக்காலத்தில் சந்தில் தண்ணீர் நிற்கும் அளவுக்கும் மேலே, உள்ளே கூரையை ஒட்டிய உயரத்தில். அடுப்புக்கு நேராக இருந்தால் குழாயில் வளைவுகள் குறையும். வளைவு குறைந்தால் புகை தடையின்றிப் போகும். முதலில் ஒரு ஸ்கேனர் கருவியைச் சுவரின்மேல் ஓட்டி, உள்ளே கம்பிகள் செல்லும் இடங்களைச் சாக்குக்கட்டியால் குறித்தார்கள். மின்சார ஒயரும் தண்ணீர்க் குழாயும் இல்லையென்று உறுதிசெய்தார்கள். கோடுகளைப் பார்த்தபின், பொறியாளர் துவாரத்தின் இடத்தை நான்கு அங்குலம் தள்ளிக் குறித்தார். நெடுக்குக் கம்பிகள் தப்பின. ஒரே ஒரு குறுக்குக் கம்பி மட்டும் வெட்டுப்பட்டது.

வெட்டுவதற்கு வந்தது கோர் கட்டிங் இயந்திரம். உருளை வடிவமான இரும்புக் குழலின் விளிம்பில் வைரத்துகள்கள் பதித்த பற்கள் இருக்கும். இயந்திரத்தைச் சுவரில் போல்ட் போட்டு இறுக்கி, தண்ணீர் விட்டுக்கொண்டே சுழலவிடுவார்கள். சுத்தியல்போல் அது அடிப்பதில்லை, அறுத்துக்கொண்டே போகின்றது. ஆகவே சுவர் அதிர்வதில்லை, சுற்றிலும் விரிசல் ஓடுவதில்லை. சதுரமாக வெட்டினால் மூலைகளிலிருந்து விரிசல் தொடங்கும், வட்டத்துக்கு மூலையில்லை. தண்ணீர் விடுவது குளிர்விப்பதற்கு மட்டுமல்ல. கான்கிரீட் தூசி நுரையீரலைக் கெடுக்கும் தூசி. தண்ணீர் அதை அடக்கிவிடும். வேலையாளும் முகக்கவசம் அணிந்திருந்தார்.

பத்து அங்குலக் கனமுள்ள சுவர், எட்டு அங்குல அகலமுள்ள துவாரம். வேலை முடிந்தபோது ஆட்டுக்கல் குழவிபோல் ஒரு கான்கிரீட் உருளை முழுதாக வெளியே வந்தது. ஏறக்குறைய 20 கிலோ எடை. காலில் விழுந்திருந்தால் கால் போயிருக்கும். இரண்டுபேர் பிடித்து இறக்கினார்கள். அறுபட்ட கம்பியின் முனைகள் துருப்பிடியாதபடிக்கு எபாக்சி பூசினார்கள்.

பின்பு துவாரத்தில் உலோக உறை ஒன்றைப் பொருத்தி, அதன் நடுவே ஆறு அங்குல உலோகக் குழாயைச் செலுத்தி, இடைவெளியில் நெருப்புக்கு உருகாத செராமிக் பஞ்சை அடைத்து, சூடு தாங்கும் பசையால் வெளிப்புறத்தை மூடினார்கள். தண்ணீரும் உள்ளே வரக்கூடாதல்லவா? கரியடுப்புக்குப் பிளாஸ்டிக் குழாய் போடுவது தற்கொலைக்குச் சமம். அது உருகிவிடும், எரியவும் செய்யும். அடுப்பிலிருந்து சுவரை நோக்கிக் குழாய் ஒவ்வோர் அடிக்கும் கால் அங்குலமாவது உயர்ந்து செல்லவேண்டும். இறங்கிச் சென்றால் புகை திரும்பிவிடும்.

வெளியே வந்த குழாயைச் சந்திலேயே விட்டுவிட்டால் என்ன ஆகும்? முதல் மாடியின் சன்னல் வழியாக அந்த வயதான தாயாரின் அறைக்குள் அதே நச்சு போகும். நம் அறையைச் சுத்தமாக்கி அயலாரின் அறையை நச்சாக்குவது நியாயமா? ஆகவே பின்சுவரை ஒட்டி மூன்று மாடிக்கும் மேலாகக் குழாயை ஏற்றினார்கள். மொட்டைமாடியிலிருந்து குறைந்தது மூன்றடி உயரம்; சுற்றிப் பத்தடிக்குள் இருக்கின்ற எதைக்காட்டிலும் இரண்டடி உயரம் என்பது கணக்கு. உச்சியில் மழைக்கு ஒரு தொப்பி. சுவருக்குள் இருந்த பழைய செங்கல் புகைபோக்கியை ஏன் பயன்படுத்தலாகாது என்று கேட்டேன். அதன் உட்புறம் வெடித்திருந்தால் மேலறைகளுக்குள் நச்சுவாயு கசியும் என்றார். இந்தக் குழாய்க்கே துவாரத்தைவிட அதிகச் செலவாயிற்று.

ஒரு துவாரம் போதாது

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துவாரம் போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். எண்ணெய் விக்கிவிக்கி வரும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு துவாரம் போட்டால் தாரையாக ஓடும். சமையலறையும் அப்படித்தான். வெளியே போகின்ற அளவுக்குக் காற்று உள்ளே வராவிட்டால் புகை நகராது. மேலும், காற்று நுழைய வழியில்லாத அறையில் எக்ஸாஸ்ட் மின்விசிறியைப் போட்டால், அது புகைக்குழாயிலிருந்தே காற்றைக் கீழே இழுத்துவிடும். வெளியே போகவேண்டிய நச்சு உள்ளே திரும்பும். ஆகையால் கதவின் அடிப்பாகத்தில் கம்பிவலை அடித்த ஒரு திறப்பும் வைத்தார்கள். குளிர்காலத்தில் அதைச் சாக்கால் அடைக்கமாட்டோம் என்று குடும்பத்தார் வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்தார்கள்.

அதே காளிகாட்டின் பூமிக்கடியில் மெட்ரோ ரயில் ஓடுகின்றது. 1984ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் மெட்ரோவாகத் தொடங்கிய அந்தப் பாதை, 1986ஆம் ஆண்டில் காளிகாட் வழியாக டாலிகஞ்ச் வரை நீண்டது. பூமிக்குள் இறங்கும் பயணிகளுக்காகப் புதிய காற்றை உள்ளே செலுத்தவும், சூடேறிய காற்றை வெளியே தள்ளவும் அங்கே ஏற்பாடு செய்திருக்கின்றார்கள். பூமிக்குக் கீழே மனிதரை அமர்த்துகிறவன் அவர்களுடைய சுவாசத்துக்கும் பொறுப்பாளி.

"கரியை விட்டு எரிவாயுவுக்கு மாறினால் இவ்வளவு தொல்லை இல்லையே?" என்று ஒருவர் கேட்டார். பொறியாளர் பதறிப்போனார். சிலிண்டரிலுள்ள வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையிலே தேங்கும். மாடியிலே கசிந்தால் வாசல் வழியே ஓடிப்போகக்கூடும். நிலவறையில் கசிந்தால் குளத்துத் தண்ணீரைப்போல் நிற்கும். ஒரு பொறி போதும். தரைமட்டத்துக்குக் கீழே சிலிண்டர் வைக்கவே கூடாது என்பது விதி. இதை நம்மவர்கள் பலர் அறியார்கள்.

கைப்பிடிச்சுவரும் புகைக்குழாயும்

உபாகமம் 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தை நீங்கள் அறிவீர்கள். புதுவீடு கட்டுகிறவன் மெத்தையைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும். கட்டாமல் ஒருவன் விழுந்து மரித்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. கீழே விழாதபடிக்கு ஜெபிக்கும்படி கர்த்தர் அங்கே சொல்லவில்லை. சுவரைக் கட்டும்படி சொன்னார். கையால் செய்யவேண்டியதைக் கையால் செய்வதும் கீழ்ப்படிதலே. அடுப்பு வைத்திருக்கிறவனுக்குப் புகைக்குழாய் அந்தக் கைப்பிடிச்சுவர்.

இது வாடகைக்கு விடுகிறவர்களுக்கும், வேலைக்கு ஆள் வைக்கிறவர்களுக்கும், சபைக்கு அறை எடுக்கின்ற நம்மைப்போன்ற போதகர்களுக்கும் பொருந்தும். ஊரிலிருந்து ஒரு தாய் தன் மகனை நம்பிக்கையோடு அனுப்பி வைக்கிறாள். அவன் இறங்கி வேலை செய்யும் அறையில் காற்று இருக்கின்றதா என்று பார்க்காமல், அவனுக்காக உபவாசித்தேன் என்று நான் சொன்னால் அவள் என்னை என்ன கேட்பாள்?

ஆகவே, இவ்விதழை மூடிவைத்தவுடனே உங்கள் வீட்டில் இவைகளைப் பாருங்கள்.

1. மூடிய அறையில் கரி, விறகு எரிக்கின்றீர்களா? வடநாட்டுக் குளிரில் அங்கீட்டி என்னும் தணற்சட்டியைப் படுக்கையறையில் வைத்துக்கொண்டு ஒருபோதும் உறங்காதிருங்கள்.

2. குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கின்றதா? அதன் புகை வெளியே போகக் குழாயும், காற்று வரத் திறப்பும் இல்லாவிட்டால் அதைப் பயன்படுத்தாதிருங்கள்.

3. முழுஇரவு ஜெபத்துக்கு ஜெனரேட்டர் ஓடுகின்றதா? அது நிலவறையிலோ, படிக்கட்டின் அடியிலோ, சன்னல் ஓரத்திலோ இருக்கலாகாது.

4. ஒரே வீட்டில் பலருக்கு ஒரே வேளையில் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே போனால் விலகுகின்றதா? உடனே எல்லாரும் வெளியே வாருங்கள். மருத்துவமனையில், "அறையில் அடுப்பு எரிந்தது" என்று மறவாமல் சொல்லுங்கள். ஆக்சிமீட்டரை நம்பி வீட்டில் இருந்துவிடாதிருங்கள்.

5. மயங்கிக் கிடக்கிறவரைத் தூக்க, யோசியாமல் உள்ளே ஓடாதிருங்கள். கதவு சன்னல்களைத் திறந்து, உதவிக்கு ஆட்களை அழையுங்கள். உள்ளே போகிறவரும் விழுந்துவிடுவது உண்டு.

கார்பன் மோனாக்சைடு அலாரம் கடைகளில் கிடைக்கின்றது. எரிவாயுக் கசிவைக் காட்டும் அலாரம் வேறு, இது வேறு. கேட்டு வாங்குங்கள். அலாரம் இருந்தாலும் புகைக்குழாய் வேண்டும்.

அந்தக் குடும்பத்தின் கடை பதினொரு நாள் மூடிக் கிடந்தது. எங்கள் ஆலயத்தின் தரைத்தளச் சமையலறையைக் காலை நேரத்தில் அவர்களுக்குத் திறந்துவிட்டோம். சகோதரிகள் மாவு அரைத்துக் கொடுத்தார்கள். வாலிபர்கள் சைக்கிளில் டப்பாக்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். குழாய்க்கான செலவில் பாதியை வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். மீதியைச் சகோதரர் மாதந்தோறும் செலுத்தித் தீர்த்தார்.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலத்தில் நானும் அந்த ஆறு படிகளை இறங்கினேன். முதலில் கொசுவர்த்திச் சுருள் ஒன்றைப் பற்றவைத்து, அடுப்பின் வாயருகே பிடித்தார்கள். அதன் புகை சற்றுத் தயங்கிற்று. பிறகு வளைந்து குழாய்க்குள் ஏறிப்போயிற்று. அதன் பின்னரே கரியை மூட்டினார்கள். ஊருக்குப் போய்த் தேறித் திரும்பிய அந்த வாலிபன், அலாரத்தின் பச்சை விளக்கு எரிகின்றதா என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, மாவை ஊற்றத் தொடங்கினான். அந்தச் சகோதரி இப்போது திங்கட்கிழமையும் தலைவலியின்றி எழுந்திருக்கிறார். இன்றும் ஞாயிறுதோறும் இந்த நன்மைக்காக ஸ்தோத்திரம் ஏறெடுக்கிறார். நானும் ஆமென் சொல்லுகிறேன்.

இப்போதெல்லாம் யாராவது வியாதிக்காக ஜெபிக்கக் கேட்டால், ஜெபித்த பின் ஒரு கேள்வி கேட்கின்றேன். "எந்த அறையில் உறங்குகிறீர்கள்? நான் ஒருமுறை வந்து பார்க்கலாமா?" சிலர் வியப்பாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். மூன்று வாரம் நான் இறங்காமலிருந்த அந்தப் படிகள் எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தன.

கர்த்தர் உங்கள் வீட்டையும், அதில் சுவாசிக்கின்ற ஒவ்வொருவரையும் காத்து ஆசீர்வதிப்பாராக. அடுத்த மாதம் சந்திப்போம்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் அன்பின் ஊழியன்